ஜப்பானில் ஓர் ஊருக்கு உரிய நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கண்டறியும் முறை

டோக்கியோவின் ஷிஞ்ஜுக்கு வார்டில் குடியிருக்கும் ஒரு வாக்காளரிடம் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் யார் என்று கேட்டால், அவர் ஒரு பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்வார். ஆனால் இரண்டு அவைகளுக்குமான தேர்தல்களில் அவர் இடும் வாக்குகள் சேரும் தொகுதிகளிலிருந்தும் பட்டியல்களிலிருந்தும் நாடாளுமன்றத்துக்குச் செல்வோர் 132 பேர். மக்கள்தொகை மிகக் குறைந்த தொத்தோரி மாகாணத்தின் வாக்காளருக்கு அந்த எண்ணிக்கை 113. ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்ற கணக்கில் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். இந்தக் கூட்டல் எப்படி வருகிறது என்று புரிந்துவிட்டால், எந்த ஜப்பானிய உறுப்பினரின் பெயருக்குப் பக்கத்தில் எந்தத் தொகுதி எழுதியிருந்தாலும் அதன் பொருளைச் சரியாகப் படித்துவிடலாம். செய்தி மொழிபெயர்ப்போர், ஆய்வு மாணவர்கள், ஜப்பானில் வசிக்கும் தமிழர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து அந்த வழியை இங்கே சொல்கிறேன்.

முதலில் அவையைத் தீர்மானியுங்கள்

கொக்காய் எனப்படும் ஜப்பானிய நாடாளுமன்றத்தில் இரண்டு அவைகள் உண்டு. ஷூகியின் என்னும் கீழவையில் 465 இடங்கள். பதவிக்காலம் 4 ஆண்டுகள் என்றாலும் அதற்கு முன்பே அவையைக் கலைக்க முடியும் என்பதால் முழுக்காலமும் ஓடுவது அரிது. சங்கியின் என்னும் மேலவையில் 248 இடங்கள்; பதவிக்காலம் 6 ஆண்டுகள்; இந்த அவையைக் கலைக்க முடியாது; 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதி உறுப்பினர்களுக்குத் தேர்தல் நடக்கும். மேலவை என்றதும் நியமன உறுப்பினர்களோ மறைமுகத் தேர்தலோ இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு அவைகளின் உறுப்பினர்களும் நேரடியாக மக்கள் வாக்கில்தான் வருகிறார்கள். ஆகவே "நாடாளுமன்ற உறுப்பினர்" என்று மட்டும் எழுதிவிட்டுச் செல்வது ஜப்பானைப் பொறுத்தவரை பாதித் தகவல்தான். கையில் ஒரு புகைப்படம் மட்டுமே இருந்தால் மேற்சட்டையில் குத்தியிருக்கும் உறுப்பினர் முத்திரையைப் பாருங்கள்: செவ்வந்திப் பூவின் பின்னணி வெல்வெட் சிவப்பு கலந்த ஊதாவாக இருந்தால் கீழவை, கருநீலமாக இருந்தால் மேலவை.

கீழவையின் ஒற்றை உறுப்பினர் தொகுதி

கீழவையின் 465 இடங்களில் 289 இடங்கள் ஒற்றை உறுப்பினர் தொகுதிகளுக்கு உரியவை. இவற்றுக்குத் தனிப்பெயர் கிடையாது. மாகாணத்தின் பெயரும் ஓர் எண்ணும் சேர்ந்ததே தொகுதியின் பெயர். பிரதமர் பதவிக்கு வந்தவர்களில் ஃபுமியோ கிஷிதா ஹிரோஷிமா 1, ஷிகெரு இஷிபா தொத்தோரி 1, சனாயே தகாய்ச்சி நாரா 2 என்றுதான் குறிக்கப்பட்டார்கள். எனவே ஒரு முகவரியிலிருந்து தொகுதியைக் கண்டுபிடிக்க, அந்த முகவரி எந்த நகராட்சி அல்லது வார்டுக்குள் வருகிறது என்று முதலில் பார்த்து, பிறகு உள்துறை மற்றும் தகவல்தொடர்பு அமைச்சகம் மாகாண வாரியாக வெளியிட்டுள்ள எல்லை வரைபடத்தில் அதைத் தேட வேண்டும். பெரும்பாலான இடங்களில் நகராட்சியின் பெயரே போதும். ஷிஞ்ஜுக்கு வார்டு முழுவதும் டோக்கியோ 1-இல் இருக்கிறது. செத்தகாயா போன்ற பெரிய வார்டுகளோ டோக்கியோ 5, டோக்கியோ 6 என்று இரண்டாகப் பிரிந்துள்ளன. அங்கே பேட்டையின் பெயர் வரை இறங்கிப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

பலரும் தவறு செய்யும் இடம் வரைபடத்தின் ஆண்டு. மக்கள்தொகைக்கு ஏற்ப இடங்களைப் பங்கிட 2022-இல் சட்டம் திருத்தப்பட்டபோது, டோக்கியோவின் தொகுதிகள் 25-இலிருந்து 30 ஆகவும், கனகாவாவின் தொகுதிகள் 18-இலிருந்து 20 ஆகவும் உயர்ந்தன. சைத்தாமா, சிபா, ஐச்சி ஆகியவை ஒவ்வொரு தொகுதி கூடுதலாகப் பெற்றன. இந்தப் பத்துக்கும் ஈடாக மியாகி, ஃபுக்குஷிமா, நீகாத்தா, ஷிகா, வக்கயாமா, ஒக்கயாமா, ஹிரோஷிமா, யமாகுச்சி, எஹிமே, நாகசாகி ஆகிய பத்து மாகாணங்கள் தலா ஒன்றை இழந்தன. மொத்தம் 140 தொகுதிகளின் எல்லை மாறியது. புதிய வரைபடம் முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது 2024 அக்டோபர் 27 அன்று நடந்த பொதுத்தேர்தலில். அதற்கு முன் எழுதப்பட்ட எந்தக் கட்டுரையிலும் "டோக்கியோ 7" என்று கண்டால், இன்று அந்தப் பெயர் குறிக்கும் மினாத்தோ, ஷிபுயா வார்டுகளை மட்டுமே அது குறித்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

யமாகுச்சி மாகாணத்தில் நடந்ததைக் கவனித்தால் இதன் சிக்கல் தெளிவாகும். முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயின் தொகுதி யமாகுச்சி 4. அவர் 2022 ஜூலையில் கொல்லப்பட்ட பின் 2023 ஏப்ரலில் அங்கே இடைத்தேர்தல் நடந்தது. அதற்குள் மாகாணத்தின் தொகுதிகளை நான்கிலிருந்து மூன்றாகக் குறைக்கும் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் புதிய எல்லைகள் அடுத்த பொதுத்தேர்தலிலிருந்துதான் பொருந்தும் என்பதால் இடைத்தேர்தல் பழைய எல்லையிலேயே நடந்தது. அதில் வென்றவர் சட்டத்தால் ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்ட ஒரு தொகுதியின் உறுப்பினராக அவையில் அமர்ந்தார். இன்று யமாகுச்சி 4 என்று ஒரு தொகுதியே இல்லை. அபேயின் கோட்டையாக இருந்த ஷிமொனோசெக்கி நகரம் யமாகுச்சி 3-க்குள் வந்துவிட்டது.

மூத்த உறுப்பினர்களின் வாழ்க்கைக் குறிப்பைப் படிக்கும்போது இன்னொரு எல்லைக்கோட்டையும் நினைவில் வைக்க வேண்டும். 1994-இல் நிறைவேறிய தேர்தல் சீர்திருத்தத்தின்படி முதல் தேர்தல் நடந்தது 1996-இல்தான். அதற்கு முன்பு பெரும்பாலும் 3 முதல் 5 பேர் வரை தேர்வாகும் நடுத்தரத் தொகுதிகளே இருந்தன. வாக்காளருக்கோ ஒரே வாக்கு. ஒரே கட்சியின் இருவர் ஒரே தொகுதியில் ஒருவரை ஒருவர் எதிர்த்து நிற்பது அப்போது வழக்கம். கிஷிதா 1993-இல் வென்ற ஹிரோஷிமா 1-உம் 1996-இல் வென்ற ஹிரோஷிமா 1-உம் பெயரில் ஒன்று, நிலத்தில் வேறு.

விகிதாசார வட்டாரமும் தோற்று வென்றவர்களும்

கீழவையின் மீதி 176 இடங்கள் 11 வட்டாரங்களுக்குப் பகிரப்பட்டுள்ளன: ஹொக்கைடோ 8, தொஹொக்கு 12, வட கந்தோ 19, தென் கந்தோ 23, டோக்கியோ 19, ஹொக்குரிக்கு-ஷின்எத்சு 10, தொக்காய் 21, கின்கி 28, சூகொக்கு 10, ஷிக்கொக்கு 6, கியூஷூ 20. வாக்காளர் தம் இரண்டாம் சீட்டில் கட்சியின் பெயரை எழுதுவார். தோந்த் முறைப்படி, அதாவது ஒவ்வொரு கட்சியின் வாக்கையும் 1, 2, 3 என்று வகுத்து, பெரிய ஈவுகளுக்கு முதலில் இடம் தந்து, கட்சிகளுக்கு இடங்கள் பிரியும். கட்சி முன்கூட்டியே கொடுத்த பட்டியலின் வரிசைப்படி ஆட்கள் உள்ளே போவார்கள். இதுவரை சிக்கல் இல்லை.

சிக்கல் எங்கே என்றால், ஒருவரே ஒற்றைத் தொகுதியிலும் நிற்கலாம், பட்டியலிலும் பெயர் கொடுக்கலாம். பெரிய கட்சிகள் இப்படி இரட்டையாக நிற்பவர்கள் பலரையும் பட்டியலில் ஒரே தர எண்ணில் அடுக்கிவிடுகின்றன. தொகுதியில் வென்றவர்களின் பெயர் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். தோற்றவர்களுக்குள் யார் முந்துவது என்பதைத் தீர்மானிப்பது "செக்கிஹாய்ரித்சு" என்ற விகிதம். நூலிழையில் தோற்றவருக்கு முதலிடம் என்பதே அதன் உட்பொருள். தம் வாக்கைத் தம்மைத் தோற்கடித்தவரின் வாக்கால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் 90,000 வாக்குகள் பெற்று, 1,20,000 பெற்றவரிடம் தோற்றார் என்று கொள்வோம். அவர் விகிதம் 75 சதவீதம். இன்னொருவர் 63,000 மட்டுமே பெற்று, 70,000 பெற்றவரிடம் தோற்றார். அவர் விகிதம் 90 சதவீதம். பட்டியலில் ஓர் இடம்தான் இருக்கிறது என்றால், குறைந்த வாக்குப் பெற்ற இரண்டாமவரே உள்ளே போவார். செல்லுபடியான வாக்குகளில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொகுதியில் பெறாதவருக்கு இந்த வாய்ப்பும் இல்லை.

இதன் விளைவாக, ஒரே தொகுதியில் மோதிய இருவரோ மூவரோ ஒரே அவையில் உட்கார்ந்திருப்பதைக் காணலாம். 2021 தேர்தலில் டோக்கியோ 1-இல் லிபரல் ஜனநாயகக் கட்சியின் மிகி யமாதா வென்றார். அவரிடம் தோற்ற பன்ரி கைஎதாவும் தைசுகே ஓனோவும் தத்தம் கட்சியின் டோக்கியோ வட்டாரப் பட்டியல் வழியாக உறுப்பினர்களானார்கள். அதோடு நிற்கவில்லை: தொகுதியில் தோற்ற கைஎதா அந்த அவையின் துணைத்தலைவராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். "தோற்கடித்து அனுப்பியவரை நாடாளுமன்றத்தில் மறுபடி பார்க்கிறோமே" என்று ஜப்பானிய வாக்காளர்கள் குறைப்பட்டுக்கொள்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. என் கருத்தில், ஜப்பானிய உறுப்பினர் பட்டியலை வாசிப்பவர் கற்றுக்கொள்ள வேண்டிய முதன்மையான பாடம் இதுதான். அதிகாரப்பூர்வப் பட்டியலில் "விகிதாசாரம், டோக்கியோ" என்று போட்டிருப்பது அவர் எந்தக் கதவு வழியாக நுழைந்தார் என்பதை மட்டும் சொல்லும். அவருடைய அலுவலகம், சுவரொட்டிகள், கோயென்காய் எனப்படும் ஆதரவாளர் சங்கம் எல்லாம் ஓர் ஒற்றைத் தொகுதியில்தான் வேர்விட்டிருக்கக்கூடும். எனவே பட்டியல் வழியாக வந்த கீழவை உறுப்பினர் ஒருவரின் பெயர் கிடைத்தவுடன், அதே தேர்தலின் தொகுதி முடிவுகளில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

ஒரு கட்சி தன் பட்டியலில் போதிய பெயர்களைக் கொடுக்காமல் விட்டால், வென்ற இடமும் கை நழுவி வேறு கட்சிக்குப் போய்விடும். 2024 தேர்தலில் மக்கள் ஜனநாயகக் கட்சி இப்படி 3 இடங்களை இழந்தது. ஆகவே கட்சிகளின் வாக்குச் சதவீதத்தை வைத்து இடங்களை நீங்களே கணக்கிட்டு, அது அதிகாரப்பூர்வ எண்ணோடு பொருந்தவில்லை என்றால், கணக்கைச் சந்தேகிக்கும் முன் பட்டியலின் நீளத்தைப் பாருங்கள்.

மேலவையின் மாகாணத் தொகுதியும் நாடு தழுவிய பட்டியலும்

மேலவையில் தொகுதிக்கு எண் இல்லை, மாகாணமே தொகுதி. 2016 முதல் தொத்தோரியும் ஷிமானேயும் ஒன்றாகவும், தொக்குஷிமாவும் கோச்சியும் ஒன்றாகவும் இணைக்கப்பட்டதால், 47 மாகாணங்களுக்கு 45 தொகுதிகள். ஒவ்வொரு தேர்தலிலும் இவற்றிலிருந்து 74 பேர் வருகிறார்கள். 32 தொகுதிகள் தலா ஒருவரை மட்டும் அனுப்புகின்றன. டோக்கியோ 6 பேரை அனுப்புகிறது. பாதிப் பாதியாகத் தேர்தல் நடப்பதால், எந்த நேரத்திலும் டோக்கியோவுக்கு 12 மேலவை உறுப்பினர்களும் தொத்தோரி-ஷிமானேவுக்கு 2 பேரும் இருப்பார்கள். 2025 தேர்தலில் டோக்கியோவில் 7 பேர் தேர்வானார்கள் என்று படித்துக் குழம்ப வேண்டாம். காலியாக இருந்த ஓர் இடத்தையும் அதே நாளில் சேர்த்து நிரப்பினார்கள்.

விகிதாசாரத்தில் ஒரு தேர்தலுக்கு 50 பேர், மொத்தம் 100 பேர். இங்கே வட்டாரப் பிரிவினை இல்லை. நாடு முழுவதும் ஒரே தொகுதி. வாக்காளர் கட்சியின் பெயரையும் எழுதலாம், பட்டியலில் உள்ள ஒருவரின் பெயரையும் எழுதலாம். இரண்டும் கட்சியின் கணக்கில் சேரும். தனிப்பெயர் வாக்கு யாருக்கு அதிகமோ அவர் முன்னே செல்வார். தொழிற்சங்கங்களும் தொழில்முறைச் சங்கங்களும் தங்கள் ஆட்களை இந்த வழியில்தான் அனுப்புகின்றன. எனவே மேலவையின் விகிதாசார உறுப்பினருக்கு எந்த ஊர் என்று தேடுவதைவிட எந்தத் துறையினர் அவர் பின்னால் நிற்கிறார்கள் என்று தேடுவது பயன் தரும். 2019-இல் இதில் ஒரு விலக்கும் சேர்ந்தது: தனிப்பெயர் வாக்கு எவ்வளவு என்று பாராமல் சிலரை முதலில் அனுப்பக் கட்சிக்கு அனுமதி உண்டு. ரெய்வா ஷின்சென்குமி கட்சி அந்த ஆண்டே அதைப் பயன்படுத்தி, கடுமையான உடல் ஊனமுற்ற யசுஹிகோ ஃபுனாகோ, எய்கோ கிமுரா ஆகிய இருவரையும் மேலவைக்கு அனுப்பியது.

இப்போது தொடக்கத்தில் சொன்ன கூட்டலைச் சரிபார்க்கலாம். ஷிஞ்ஜுக்கு வாக்காளருக்கு ஒற்றைத் தொகுதியில் 1, டோக்கியோ வட்டாரத்தில் 19, மேலவையின் டோக்கியோ தொகுதியில் 12, நாடு தழுவிய பட்டியலில் 100; ஆக 132. தொத்தோரி வாக்காளருக்கு 1, சூகொக்கு வட்டாரத்தில் 10, மேலவைத் தொகுதியில் 2, பட்டியலில் 100, ஆக 113. இடங்களின் எண்ணிக்கையைச் சட்டம் அவ்வப்போது மாற்றுவதால், கூட்டும் முன் நடப்பு எண்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அதிகாரப்பூர்வப் பட்டியலைப் படித்தல்

இரு அவைகளும் தத்தம் இணையதளத்தில் உறுப்பினர் பட்டியலை வைத்திருக்கின்றன. பெயர்கள் ஜப்பானிய கானா எழுத்து வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். குடும்பப் பெயர் முதலில் வரும். அ, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று போகும் அந்த வரிசை தமிழ் வாசகருக்குப் புதிதாகத் தோன்றாது. பௌத்தத்தோடு சென்ற, சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட சித்தம் என்னும் எழுத்தின் கல்வி வழியே இந்திய நெடுங்கணக்கின் அடுக்கு அங்கே போய்ச் சேர்ந்தது. ஹகர வரிசை ஒரு காலத்தில் பகரமாக ஒலித்தது என்று தெரிந்தால் நம் வரிசையோடு அது இன்னும் நெருங்கிவிடும். ஆகவே ரோமன் எழுத்தில் தேடிக் களைப்பதைவிட, கானாவில் தேடுவது தமிழ் படித்தவருக்கு எளிது.

கீழவைப் பட்டியலில் ஒவ்வொரு பெயரின் கடைசியிலும் "குன்" என்ற ஒட்டு இருக்கும். அது பெயரின் பகுதி அன்று. அவையில் ஆண், பெண் வேறுபாடின்றி உறுப்பினரை அழைக்கும் மரியாதைச் சொல் அது. முதல் பெண் அவைத்தலைவரான தக்காகோ தொய் மட்டும் 1993-க்குப் பிறகு அதை விட்டு "சான்" என்று அழைத்தார். அடுத்த நெடுவரிசையில் இருப்பது கட்சி என்று நானும் முதலில் தவறாகவே படித்தேன். அது அவைக்குழு. ஒரு கட்சியும் சில சுயேச்சைகளும் சேர்ந்து ஒரே அவைக்குழுவாக இருக்கலாம். அவைத்தலைவரும் துணைத்தலைவரும் மரபுப்படி குழுவிலிருந்து விலகி, சார்பற்றவர்களாகக் காட்டப்படுவார்கள். கட்சியை உறுதிசெய்ய வேண்டுமானால் தேர்தல் முடிவைத்தான் பார்க்க வேண்டும். கீழவையில் எத்தனை முறை தேர்வானார் என்ற எண்ணும், மேலவையில் பதவி முடியும் தேதியும் தரப்பட்டிருக்கும். தேதி ரெய்வா எனப்படும் நடப்புப் பேரரசரின் ஆட்சிக்கால ஆண்டில் இருந்தால் 2018-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்: ரெய்வா 10 என்பது 2028, அதாவது அவர் 2022-இல் தேர்வானவர்.

தேர்தல் முடிவுகளில் வாக்கு எண்ணிக்கை தசமப் புள்ளியோடு இருந்தால் அது அச்சுப் பிழை அன்று. ஜப்பானில் பொதுவாக வாக்குச்சீட்டில் பெயரை வாக்காளரே கையால் எழுத வேண்டும். ஒரே குடும்பப் பெயருள்ள இருவர் நிற்கும் தொகுதியில் வெறும் குடும்பப் பெயரை மட்டும் எழுதிய சீட்டுகளை, இருவரும் பெற்ற தெளிவான வாக்குகளின் விகிதத்தில் பிரித்துக் கொடுப்பார்கள். 2021-இல் இரண்டு கட்சிகள் ஒரே சுருக்கப் பெயரைப் பதிவுசெய்திருந்ததால் கட்சி வாக்குகளும் இப்படிப் பின்னமாகப் பிரிந்தன.

இடம் காலியானால் என்ன ஆகும் என்பதும் கதவைப் பொறுத்ததே. கீழவையின் ஒற்றைத் தொகுதி என்றால் இடைத்தேர்தல். அது வழக்கமாக ஏப்ரல் அல்லது அக்டோபரின் நான்காம் ஞாயிறன்று நடக்கும். பட்டியல் உறுப்பினர் என்றால் பட்டியலில் அடுத்தவர் தேர்தலின்றியே வந்துவிடுவார். பட்டியல் வழியே வந்தவர், அதே தேர்தலில் எதிர்த்து நின்ற வேறு கட்சிக்குத் தாவினால் பதவியை இழப்பார். தொகுதியில் வென்றவருக்கு அந்தத் தடை இல்லை.

உறுப்பினரைத் தொடர்வதும் அணுகுவதும்

பெயர் உறுதியானதும், தேசிய நாடாளுமன்ற நூலகத்தின் நடவடிக்கைக் குறிப்புத் தேடலில் அதை இடுங்கள்; 1947-இன் முதல் கூட்டத்தொடர் முதல் பேச்சுகள் முழுமையாகக் கிடைக்கும். எப்படி வாக்களித்தார் என்று அறிவது மேலவையில் எளிது, கீழவையில் கடினம். மேலவையில் 1998 முதல் பொத்தான் வாக்கெடுப்பு இருப்பதால், உறுப்பினர் வாரியான முடிவு இணையதளத்தில் வெளியாகிறது. கீழவையில் பெரும்பாலும் எழுந்து நின்றோ, ஆட்சேபம் இல்லை என்று குரல் கொடுத்தோ முடித்துவிடுவார்கள். வெள்ளை, நீல வில்லைகளை ஏந்தி மேடைக்கு வரிசையில் வரும் பெயர் வாக்கெடுப்பில் மட்டுமே தனியாள் பதிவு உண்டு. மற்ற மசோதாக்களுக்கு அவைக்குழுவின் நிலைப்பாட்டோடு திருப்தியடைய வேண்டியதுதான்.

ஜப்பானில் வசிக்கும் வெளிநாட்டவருக்கு இத்தேர்தல்களில் வாக்குரிமை இல்லை. ஆனால் நாடாளுமன்றத்துக்கு மனு அளிக்க அவர்களுக்கும் உரிமை உண்டு, ஓர் உறுப்பினர் அறிமுகம் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு. இங்கேதான் இவ்வளவு தேடலும் கைகொடுக்கிறது: ஒற்றைத் தொகுதி உறுப்பினர் மறுத்தால், அதே தொகுதியில் தோற்றுப் பட்டியலில் வந்தவரையோ மாகாணத்தின் மேலவை உறுப்பினரையோ அணுகலாம். நன்றிக்கடனாகப் பணம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். வெளிநாட்டவரிடம் அரசியல் நன்கொடை பெறுவது சட்டப்படி குற்றம். வெளிநாட்டுக் குடியுரிமை கொண்ட ஒருவரிடமிருந்து நன்கொடை பெற்றது வெளிவந்ததால், 2011 மார்ச்சில் வெளியுறவு அமைச்சர் செய்ஜி மயேஹாரா பதவி விலக நேர்ந்தது.

எங்கே போய்ப் பார்ப்பது என்பதற்கு ஜப்பானியர் நகைச்சுவையாகச் சொல்லும் "கின்கி கராய்" என்ற தொடரே வழிகாட்டும்: வெள்ளியன்று ஊருக்குப் போவது, செவ்வாயன்று திரும்புவது. கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் செவ்வாய் முதல் வெள்ளி வரை டோக்கியோவின் நகத்தாச்சோவிலுள்ள உறுப்பினர் அலுவலகக் கட்டடங்களில் செயலாளர்களிடம் நேரம் கேளுங்கள். கீழவைக்கு அங்கே இரண்டு கட்டடங்கள், மேலவைக்கு ஒன்று. எந்தக் கட்டடம், எந்த அறை என்பதை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறுகளில் உறுப்பினரை நேரில் பார்க்க வேண்டுமானால் தொகுதி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசுங்கள். கோடை விழாவிலோ பள்ளி விளையாட்டு நாளிலோ நின்று கைகுலுக்கிக்கொண்டிருக்கும் உறுப்பினரைச் சந்திக்க எந்த நேரத்தில் எங்கே வரலாம் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.